கழுத்து நாடிகள்: மானிப்பாய் முதல் டிக்கோயா வரை

டிக்கோயாவின் மலைச்சரிவிலே கொழுந்தெடுக்கப் புறப்படும் பெண்ணின் தலையிலே கூடைக் கயிறு பதிந்திருக்கும். முதுகிலே தொங்கும் பச்சைக் கொழுந்தின் பாரத்தை அக்கயிற்றின் வழியே தாங்கி நிற்பது அவளுடைய கழுத்தே. தலைமுறை தலைமுறையாக இந்தப் பாரத்தைச் சுமந்த மக்களுக்குக் கழுத்தின் அருமையை எவரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. ஆயினும் அக்கழுத்தின் உள்ளே ஓடும் குருதிக் குழாய்களின் வரலாறு அத்துணை அறியப்பட்டதன்று. அவ்வரலாற்றிலே தமிழுக்கும் ஓர் இடம் உண்டு.

கொழும்பிலிருந்து மலைநாட்டுக்கு ஏறும் பழைய வீதியும் புகையிரதப் பாதையும் கடுகண்ணாவைக் கணவாயிலே நெருங்கி வருவதைப் பயணம் செய்தோர் கண்டிருப்பர். உடலிலே கழுத்தும் அத்தகைய ஒரு கணவாய்தான். மூச்சுக்குழல், உணவுக்குழல், முள்ளந்தண்டு, நரம்புகள், நாடிகள், நாளங்கள் யாவும் அந்த ஒடுங்கிய இடத்தின் வழியாகவே சென்றாக வேண்டும். இதயத்திலிருந்து தூய குருதியைக் கொண்டுசெல்லும் குழாயை இலங்கையிலே நாடி என்கிறோம். தமிழகத்தார் தமனி என்பர். வைத்தியர் மணிக்கட்டிலே விரல் வைத்து ‘நாடி பிடித்தல்’ என்னும் வழக்கோடு இச்சொல் பொருந்தி நிற்றலால், நம்மவர் சொல் கேட்டவுடனே விளங்குவது.

இதயத்திலிருந்து எழும் பெருநாடி நெஞ்சின் மேற்பகுதியிலே வில்லைப்போல் வளைகிறது. அவ்வளைவிலிருந்து மூன்று கிளைகள் எழுகின்றன என்று பாடநூல்கள் கூறும். முதற்கிளை சிறிது தூரம் சென்று இரண்டாகி, ஒன்று வலக் கைக்கும் மற்றையது கழுத்தின் வலப்பக்கத்துக்கும் போகும். இரண்டாவது கழுத்தின் இடப்பக்கத்துக்கும், மூன்றாவது இடக் கைக்கும் உரியவை. கழுத்தின் இருபக்கமும் ஏறும் நாடி சிரசு நாடி எனப்படும். அது குரல்வளைக் குருத்தெலும்பின் மேல்விளிம்பு அளவிலே இரண்டாகப் பிரிகிறது. உட்கிளை மூளைக்குச் செல்லும். வெளிக்கிளை முகத்துக்கும் நாவுக்கும் தொண்டைக்கும் செல்லும். இவையன்றி, கழுத்தெலும்புகளின் துளைகளினூடே முள்ளந்தண்டு நாடிகள் இரண்டும் மறைவாக மூளைக்கு ஏறுகின்றன.

இது நூலிலுள்ள படம். மனிதர் எல்லாரும் இப்படத்தின்படி அமைந்தாரல்லர். பெருநாடி வளைவிலிருந்து மூன்று கிளைகள் தனித்தனியே எழுவது ஏறக்குறைய நான்கில் மூவருக்குத்தான். ஏழெட்டுப் பேரில் ஒருவருக்கு இடச் சிரசு நாடி முதற்கிளையோடு ஒட்டியே பிறக்கும். இருபது பேரில் ஒருவருக்கு இட முள்ளந்தண்டு நாடி நேரே பெருநாடியிலிருந்தே எழும். நூறு பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு வலக் கைக்குரிய நாடி இடப்புறத்திலே கடைசிக் கிளையாகத் தோன்றி, பெரும்பாலும் உணவுக்குழலின் பின்புறமாக வளைந்து வலக் கையை அடையும். சிரசு நாடி பிரியும் இடமும் ஒரு நிலையிலே நிற்பதில்லை. சிலருக்கு அது தாடையெலும்பை நெருங்கும்; சிலருக்குக் குரல்வளைக்குக் கீழேயே பிரிந்துவிடும். கருவிலே வளரும் குழவிக்கு முதலில் இணை இணையாகப் பல வளைவு நாடிகள் தோன்றி, அவற்றுட் சில தேய்ந்து மறைய, எஞ்சியவையே பிற்காலத்துப் பெருநாடிக் கிளைகள் ஆகின்றன. மறையவேண்டியது மறையாமலும், நிற்கவேண்டியது நில்லாமலும் போவதனாலேயே இவ்வேறுபாடுகள் உண்டாகின்றன. இவற்றை நோய் என்று கூறல் பொருந்தாது. இவற்றை உடையோரிற் பலர் அவற்றை அறியாமலே வாழ்ந்து முடிகின்றனர். கழுத்திலே கத்தி வைக்க நேரும்போதுதான் இவை பெரிதாகின்றன.

கழுத்து நாடிகளின் மீது அச்சம் மிகப் பழையது. கிரேக்கர் இவற்றுக்கு இட்ட பெயரே மயக்கம் என்னும் பொருள்தரும் சொல்லடியாகப் பிறந்தது. இந்நாடிகளை அழுத்தினால் உணர்வு கெடும் என்று அவர்கள் கண்டிருந்தனர். நம்முடைய வர்ம ஆசான்மாரும் கழுத்தைத் தீண்டலாகாத இடங்கள் நிறைந்த பகுதியாகவே போற்றிக் காத்தனர். ஆயினும் அச்சம் அறிவாக மாறுவதற்கு நெடுங்காலம் சென்றது.

1798 ஆம் ஆண்டிலே இலண்டனில் மாட்டின் கொம்பு குத்திக் கழுத்து கிழிந்த ஒருவனுக்கு அபர்நெதி என்னும் இரண வைத்தியர் பொதுச் சிரசு நாடியை நூலாற் கட்டினார். குருதி நின்றது, ஆனால் நோயாளி பிழைக்கவில்லை. 1803 இலே போர்க்கப்பல் ஒன்றில் பணிபுரிந்த பிளெமிங் என்னும் வைத்தியர், தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்ட ஒரு பணியாளனுக்கு அதே நாடியைக் கட்டி உயிரைக் காத்தார். அடுத்து வந்தவர் அஸ்ட்லி கூப்பர். நாடி வீங்கிப் புடைத்த ஒரு பெண்ணுக்கு 1805 இல் அவர் செய்த சத்திரசிகிச்சை பலன் தரவில்லை. 1808 இலே மற்றொருவருக்குச் செய்தது பலித்தது; அம்மனிதர் 1821 வரை வாழ்ந்தார். இறந்தபின் அவரது உடலைக் கூப்பர் ஆராய்ந்து, கட்டப்பட்ட பக்கத்து மூளைக்கு ஏனைய நாடிகள் குருதியைக் கொண்டுசென்ற வழியைக் கண்டார்.

அவ்வழியை 1664 ஆம் ஆண்டிலேயே தாமஸ் வில்லிஸ் என்பார் விளக்கியிருந்தார். மூளையின் அடியிலே நான்கு நாடிகளும் ஒரு வளையமாகக் கூடுகின்றன. ஒன்று அடைபட்டால் மற்றையவை ஈடுசெய்யும். ஆயின் இவ்வளையமும் எல்லாருக்கும் முழுமையாக அமைவதில்லை. சிலருக்கு அதன் ஒரு பகுதி நூல்போல் மெலிந்திருக்கும். சிலருக்கு இல்லாமலே போகும். ஒரே கட்டினால் ஒருவன் நலமாக எழுந்து நடப்பதும், மற்றொருவன் ஒருபக்கம் செயலிழந்து விழுவதும் இதனாலேதான். இரண வைத்தியர் கை ஒன்றே. நோயாளியின் உடல் வேறு.

இவ்வாறான வேறுபாடுகளை எண்ணிக் கணக்கிட முற்பட்டவருள் முதன்மையானவர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ரிச்சர்ட் குவெய்ன். அவர் 1844 இல் வெளியிட்ட நாடிகளைப் பற்றிய பெருநூல் 1040 உடல்களைக் கண்டு தொகுக்கப்பட்டது. இந்த 1040 பேர் யார்? பிரித்தானியாவில் 1832 இலே இயற்றப்பட்ட உடற்கூற்றியற் சட்டம், ஏழையர் விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் இறந்து, உரிமை கோருவார் இல்லாத உடல்களை வைத்தியப் பள்ளிகளுக்கு வழங்க இடங்கொடுத்தது. எடின்பரோவிலே உடலை விற்பதற்காகவே மனிதரைக் கொன்ற கொடுமை 1828 இல் வெளிப்பட்டபின் எழுந்த சட்டம் அது. கொலை நின்றது, வறியவர் உடலே பாடநூல் ஆயிற்று. குவெய்னின் நூலை அலங்கரிக்கும் மக்லைஸ் என்பாரின் ஓவியங்களிலே நாடியின் ஒவ்வொரு வளைவும் உண்டு. அந்த உடல்களுக்கு உரியவர்களின் பெயர்கள் இல்லை.

நாடி வேறுபாட்டினால் வரும் இடர் குருதிப் பெருக்கு மாத்திரம் அன்று. உணவை விழுங்க இயலாது பல்லாண்டு வருந்தி இறந்த ஒரு பெண்ணின் உடலை டேவிட் பேபோர்ட் என்பார் ஆராய்ந்து, வலக் கைக்குரிய நாடி தடம் மாறிச் சென்று உணவுக்குழலை நெருக்கியிருந்ததைக் கண்டார். அவர் எழுதிய விவரம் 1794 இல் அச்சேறியது. ‘இயற்கையின் விளையாட்டு’ என்னும் கருத்துடைய இலத்தீன் தொடரால் அந்நோயை அவர் குறித்தார். விளையாட்டு என்ற சொல் அப்பெண்ணின் துன்பத்துக்குச் சற்றும் பொருந்தாது என்பது வேறு செய்தி.

1823 இலே ஸ்டெட்மன் என்பார் இதனோடு தொடர்புடைய மற்றொன்றைக் கண்டார். குரலை இயக்கும் நரம்பு நேரே குரல்வளைக்குப் போவதில்லை. வலப்புறத்திலே அது கைக்குரிய நாடியைச் சுற்றி வளைந்து மீண்டும் மேலேறுகிறது. அந்நாடி தடம் மாறித் தோன்றியவருக்கோ, நரம்பு சுற்றி வளைவதற்கு அங்கே எதுவும் இல்லை. ஆகவே அது கழுத்தின் குறுக்கே நேராகக் குரல்வளையை அடைகிறது. நூலிற் கண்ட இடத்திலே நரம்பைத் தேடும் வைத்தியர், இத்தகைய நோயாளியிடத்து அதனை வேறொரு மெல்லிய குழாய் என்று எண்ணி வெட்டிவிடக்கூடும். பிள்ளையை அழைக்கும் தாயின் குரலும் மேடையேறும் பாடகனின் குரலும் ஒரு நூலிழை நரம்பிலே தொங்குகின்றன.

இவ்வறிவு தமிழிலே எப்போது வந்தது? இங்கேதான் யாழ்ப்பாணத்து மானிப்பாய் வரலாற்றிலே இடம்பெறுகிறது. அமெரிக்காவின் மசச்சூசெற்சு மாநிலத்திலே 1822 இற் பிறந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் மிஷனரி வைத்தியர் 1847 இல் யாழ்ப்பாணம் வந்தார். இடையிலே சில ஆண்டுகள் தாயகத்திலே தங்கிய காலம் நீங்க, 1873 வரை அங்கே வைத்தியமும் கற்பித்தலும் நடத்தினார். முதலில் ஆங்கிலத்திலே கற்பித்த அவர், பின்னர்த் தமிழிலேயே வைத்தியக் கல்வியை நடத்தத் துணிந்தார். ஆங்கிலம் கற்ற வைத்தியர் அரச உத்தியோகத்தையும் நகரத்தையும் நாடிச் செல்வதையும், தமிழிற் கற்றவர் தம் ஊரிலேயே தங்குவர் என்பதையும் அவர் எண்ணிப் பார்த்தார். இன்றும் சிந்திக்கத்தக்க எண்ணம் இது.

நூல்களின்றிக் கல்வி ஏது? மாணவரின் துணையோடு அவர் ஆங்கில வைத்திய நூல்களைத் தமிழாக்கும் பெரும்பணியிலே இறங்கினார். துருவிட் என்பாரின் சத்திரசிகிச்சை நூல் ‘இரண வைத்தியம்’ என்னும் பெயரோடு 1867 இல் வெளிவந்தது. ஹென்றி கிறேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என 1872 இல் வெளிவந்தது. அங்கம், பாதம் ஆகியவற்றை இணைத்து உடலமைப்பு முழுவதையும் குறித்த அச்சொல் இக்காலத்தார்க்குப் புதிதாய்த் தோன்றலாம். இன்று உடற்கூற்றியல் என்கிறோம். ஆனால் ஒரு துறைக்கே பெயரில்லாத காலத்திலே பெயர் கண்டவர்களின் முயற்சியை நகைத்தல் தகாது. கலைச்சொல் ஆக்கத்துக்கு அரசாங்கத் திணைக்களமும் குழுக்களும் ஏற்பட்டது அதற்கு ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் பின்னரே.

கிறேயின் மூலநூல் 1858 இலேதான் முதன்முதல் வெளிவந்தது. பதினான்கே ஆண்டுகளில் அது தமிழிலே கிடைத்தது என்பது எளிய செய்தியன்று. அதற்குப் படம் வரைந்த கார்ட்டர், நூல் வெளிவந்த ஆண்டிலேயே பம்பாய்க்கு வந்து நெடுங்காலம் பணிபுரிந்தார் என்பதையும் இவ்விடத்தே கூறலாம். கிறே ஒவ்வொரு பெருநாடியையும் விவரித்தபின், அதிற் காணப்படும் வேறுபாடுகளைத் தனியே எடுத்துரைத்து, சத்திரசிகிச்சையிலே கவனிக்கவேண்டியதையும் சேர்த்தெழுதினார். வேறுபாட்டு விவரங்களுக்கு அவர் நம்பியது குவெய்னின் கணக்கையே. இலண்டனிலே பெயரின்றி இறந்த ஏழையரிடத்திற் கற்ற பாடம், இரண்டு நூல்கள் கடந்து, மானிப்பாயின் தமிழ் மாணவரை நோக்கி வந்த வழி இதுவே.

அதே 1872 ஆம் ஆண்டு மலைநாட்டிலே வேறொன்று நடந்தது. தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளைக் குறித்த சட்டம் அவ்வாண்டிலேதான் இயற்றப்பட்டது. அக்காலத்து டிக்கோயாவிலே தேயிலை ஓங்கியிருக்கவில்லை. காடு வெட்டிக் கோப்பி நடும் வேலை நடந்தது. தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையிலே இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து, அப்பால் மலையேறிய மக்கள் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பட்டினியாலும் வழியிலும் தோட்டத்திலும் மடிந்தனர். அட்டனுக்குப் புகையிரதம் வந்தது 1884 இலேதான். தோட்டங்களிலிருந்து வரி பெற்று வைத்தியம் அளிக்க வகைசெய்த அச்சட்டம் பின்னர்ப் பலமுறை திருத்தப்பட்டது. தோட்டத் துரைமார் அதனை மனமுவந்து ஏற்றனர் என்று சொல்வதற்கில்லை.

ஆக, ஒரே ஆண்டிலே தீவின் வடக்கிலே தமிழிலே முழு உடற்கூற்று நூல் ஒன்று பிறந்தது; நடுமலையிலே தமிழ்த் தொழிலாளர்க்கு வைத்தியம் அளிக்கச் சட்டம் பிறந்தது. இவ்விரண்டும் ஒன்றையொன்று சந்தித்து வளர்ந்திருந்தால் மலையகத்தின் வைத்திய வரலாறு வேறாக இருந்திருக்கும் என்று எண்ண இடமுண்டு. அவ்வாறு நடக்கவில்லை. கிறீன் 1873 இல் தாயகம் திரும்பினார். 1884 இல் மறைந்தார். தமிழ்வழி வைத்தியக் கல்வி அவருக்குப் பின் நிலைக்கவில்லை. 1870 இல் தொடங்கப்பட்ட கொழும்பு வைத்தியப் பள்ளி ஆங்கிலத்திலே நடந்தது. தோட்டத்து மருந்துச்சாலையிலே நோயாளி பேசியது தமிழ்; அவரைப் பற்றி எழுதப்பட்டது ஆங்கிலம்.

கழுத்தின் சத்திரசிகிச்சை நம்பத்தக்கதாக ஆனதும் ஒரு மலைநாட்டிலேதான். அல்ப்ஸ் மலை சூழ்ந்த சுவிற்சர்லாந்திலே கழலை நோய் மிகுதி. அங்கே பேர்ண் நகரத்துக் கொக்கர் என்பார், கழுத்துச் சுரப்பியின் நாடிகளை ஒவ்வொன்றாகப் பொறுமையோடு கட்டி, குருதியைச் சிந்தவிடாமற் கழலையை அகற்றும் முறையை வகுத்தார். 1909 இலே அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இலங்கையிலும் மழை மிகுந்த ஈரவலயத்திலே கழலை நெடுங்காலம் பரவியிருந்தது. 1995 இலே மக்கள் உண்ணும் உப்பிலே அயடீன் சேர்ப்பது கட்டாயமாக்கப்பட்டமை இந்நோயைத் தடுக்கும் பெருமுயற்சி. எனினும் கழுத்துக் கழலைகள் முற்றாக ஒழிந்துவிடவில்லை. அச்சுரப்பிக்கு மேலிருந்து இரண்டும் கீழிருந்து இரண்டுமாக நான்கு நாடிகள் வருவது வழக்கம். நூற்றில் ஒரு சிலருக்கு ஐந்தாவது நாடியொன்று நெஞ்சிலிருந்து மூச்சுக்குழலின் முன்புறமாகவே ஏறிவரும். மூச்சடைத்துத் தவிக்கும் நோயாளிக்கு அவசரமாகக் கழுத்திலே துளையிடும் வைத்தியருக்கு இது எதிர்பாராத ஆபத்து.

கழுத்தை அறுத்துத் திறந்தபின் வைத்தியர் கடைப்பிடிக்கும் விதியொன்றும் வேறுபாட்டின் அனுபவத்தாற் பிறந்ததே. சிரசு நாடியின் இரு கிளைகளுள் எது உள், எது வெளி என்பதை நிற்கும் இடத்தைக் கொண்டு முடிவு செய்யலாகாது. சிலருக்கு அவை இடம் மாறி நிற்கும். வெளிக்கிளை கழுத்திலேயே சிறு கிளைகளை விடும். உட்கிளை பொதுவாகக் கழுத்தில் எதையும் விடாது. சிறு கிளையைக் கண்ணாற் கண்ட பின்னரே வெளிக்கிளை என்று கொண்டு கட்டவேண்டும். மாறிக் கட்டினால் மூளையின் குருதி தடைப்படும். தொண்டையிலே உள்நாக்குச் சதையை அறுப்பதுபோன்ற சிறிய காரியத்திலும், உட்கிளை பாம்புபோல் நெளிந்து தொண்டைச் சுவரை ஒட்டிக் கிடக்கும் நோயாளி ஒருவர் எதிர்ப்படலாம்.

இருபதாம் நூற்றாண்டு இருவகையிலே உதவியது. 1927 இலே லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் என்பார் நாடியினுள்ளே மருந்தைச் செலுத்தி, உயிரோடிருப்பவரின் மூளை நாடிகளை எக்ஸ்-கதிர்ப் படத்திலே பிடித்தார். வெட்டுவதற்கு முன்னரே காணும் வழி அன்று திறந்தது. மறுவருடம் ஜப்பானிய அறிஞர் அடாச்சி, தம் நாட்டு மக்களின் நாடிகளையே எண்ணிப் பெருநூல் வெளியிட்டார். ஐரோப்பியரின் உடலை அளந்த கணக்கு தம் மக்களுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதைத் தாமே பார்த்தறிய அவர் விரும்பினார். பின்னர் இந்தியாவிலும் இலங்கையிலும் வைத்தியக் கல்லூரிகள் இவ்வகை ஆராய்ச்சியை மேற்கொண்டன. மலையகத்துக்கு அண்மையிலே, பேராதனையில், 1962 இல் வைத்திய பீடம் ஏற்பட்டது.

டிக்கோயாவுக்கும் நல்ல காலம் மெல்ல வந்தது. கிளங்கன் என்னும் இடத்திலே இந்திய அரசின் உதவியோடு கட்டப்பெற்ற 150 படுக்கைகள் கொண்ட வைத்தியசாலையை 2017 மே 12 ஆந் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி திறந்துவைத்தார். கொழுந்து லொறியிலே நோயாளியைக் கிடத்தி மலைப்பாதையிலே கொண்டோடிய காலத்தை நினைப்போர்க்கு அதன் அருமை தெரியும். எனினும் கழுத்து நாடிகளைத் திறந்து பழுதுபார்க்கும் நுண்ணிய சத்திரசிகிச்சைக்குக் கண்டிக்கோ கொழும்புக்கோ போகவேண்டியவர் உளர். கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை எனப் பல ஊர் கடந்து கண்டியை அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேலாகும்.

அங்கே நோயாளி கைச்சாத்திடும் சம்மதப் பத்திரத்தின் பொருளை அவருக்கு யார், எந்த மொழியிலே விளக்குகிறார் என்பது சிறிய விடயமன்று. குரல் கெடக்கூடும், கைகால் வழங்காமற் போகக்கூடும், படத்திற் கண்டதற்கு மாறாக நாடி அமைந்திருக்கக்கூடும் என்பவற்றை அறிந்து ஒப்புவது ஒன்று. அஞ்சி விரலடையாளம் இடுவது வேறொன்று. இவற்றையெல்லாம் சொல்லத் தமிழிலே சொற்கள் இல்லை என்று கூற எவர்க்கும் உரிமையில்லை. 1872 இலேயே அவை அச்சேறிவிட்டன.

கவ்வாத்துக் கத்தி வழுவியோ, கண்ணாடி கிழித்தோ, வீதி விபத்திலோ கழுத்திலே காயம் பட்டால் வைத்தியசாலை வரையுள்ள தூரமே பெரும்பகை. அப்போது அருகிலிருப்போர் செய்யத்தக்கது ஒன்று உண்டு. தூய துணியைக் காயத்தின் மேல் வைத்து, கையால் விடாது அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். காயம்பட்ட பக்கத்தை மட்டுமே அழுத்தவேண்டும். கழுத்தின் இருபக்கத்தையும் ஒருங்கே நெரித்தலும், சுற்றிக் கயிறு கட்டுதலும் ஆகா. குத்திய பொருள் உள்ளே நின்றால் அதனைப் பிடுங்காமல், அது அசையாதபடி சுற்றிலும் அழுத்தி, அப்படியே கொண்டுசெல்ல வேண்டும். துணி நனைந்தாலும் எடுத்துப் பார்க்காமல் அதன்மேல் மற்றொரு துணியை வைத்து, வைத்தியர் கை ஏற்கும் வரை அழுத்திய கையை எடுக்கலாகாது. நாடி எங்கே பிரிகிறது, எவ்வழி வளைகிறது என்ற விசாரணை வைத்தியசாலை வாசலுக்கு அப்பாலே தொடங்குவது.